சொதி எந்த வகுப்பு? புரோட்டெஜேயோடு மூன்று மாதம்

ஒன்டொலொஜி, அதாவது பொருள்களை வகுப்பு வகுப்பாக அடுக்கிக் கணினிக்கு எழுதிக் கொடுப்பது, செய்வதற்குப் புரோட்டெஜே நல்ல மென்பொருள். காசும் கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் இரண்டு ஒன்டொலொஜிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இதிலுள்ள வகுப்பு அதிலுள்ள எந்த வகுப்பு என்று கோப்பதற்காக அதைத் திறக்கிறீர்கள் என்றால் ஒன்றைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்: அது தானாகக் கோத்துத் தராது. நீங்கள் கோத்த பிறகு எங்கே இடிக்கிறது என்று காட்டும். அதையும் கேட்கத் தெரிந்து கேட்டால்தான் காட்டும். இது எனக்குப் புரிய இரண்டு கிழமை போனது. அந்த இரண்டு கிழமையில் நண்டுக்கு முதுகெலும்பு முளைத்தது, கதையை அப்புறம் சொல்கிறேன்.

வேலை வந்த விதம் இதுதான். வெளிநாட்டில் போசணை படிக்கும் ஓர் ஆய்வு மாணவி, மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் சில வீடுகளில் ஒரு கிழமைக்கு என்ன சாப்பிட்டார்கள் என்று எழுதி வாங்கியிருந்தார். வாகரையில் எழுதியதும் திருக்கோவிலில் எழுதியதும் ஒரே மாதிரி இல்லை. அவரவர் வீட்டில் புழங்கும் சொல்லில் எழுதியிருந்தார்கள். நான் முன்பு ஒரு நூலகத்தில் பட்டியல் போட்டவள், இப்போது கல்லடியில் வீட்டிலிருந்தே தரவு வேலை பார்க்கிறேன். அந்தக் குறிப்புகளில் இருந்த 300க்கு மேற்பட்ட பெயர்களை வகுப்புகளாக அடுக்கிச் சின்ன ஒன்டொலொஜி ஒன்று செய்து, அதை ஃபூட்ஒன்னோடு இணைத்துக் கொடுக்கச் சொன்னார். உலகம் முழுக்க உணவுத் தரவுக்காரர்கள் புழங்கும் திறந்த ஒன்டொலொஜி அது. செடி, விலங்குப் பெயர்களை அமெரிக்க என்சிபிஐ நிறுவனத்தின் உயிரின வகைப்பாட்டிலிருந்து எடுத்துக்கொள்கிறது.

ஒன்டொலொஜி என்ற சொல்லைக் கண்டு பயப்பட வேண்டாம். எது எதற்குள் அடங்கும், எதோடு எதற்கு என்ன உறவு என்பதைக் கணினிக்குப் புரியும் தர்க்கத்தில் எழுதி வைத்தது, அவ்வளவுதான். நூலகத்தில் நாங்கள் புத்தகத்தை எண்ணுக்குள் அடக்கியது போல. ஒரு வித்தியாசம், நூலகத்தில் பிழையாக அடுக்கினால் புத்தகம் கிடைக்காது. இங்கே பிழையாக அடுக்கினால் பிழையான உண்மைகள் புதிது புதிதாகப் பிறக்கும்.

புரோட்டெஜே ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் உருவானது. ஜாவாவில் ஓடும், விண்டோஸ், மெக், லினக்ஸ் மூன்றுக்கும் உண்டு. என்னுடையது 8 ஜிபி நினைவகமுள்ள பழைய மடிக்கணினி, நிறுவுவதில் தொல்லை இருக்கவில்லை. தமிழ் எழுத்து ஒழுங்காக வந்தது. ஒவ்வொரு வகுப்புக்கும் தமிழில் ஒரு லேபல், ஆங்கிலத்தில் ஒரு லேபல் கொடுத்து, அமைப்புகளில் ரெண்டரர் என்ற இடத்தில் முதலில் தமிழைக் காட்டு, இல்லாவிட்டால் ஆங்கிலத்தைக் காட்டு என்று வரிசை சொல்லிவிடலாம். இந்த ஒரு வசதிக்காகவே அதைக் கட்டிப்பிடிக்கலாம் போலிருந்தது. அம்மாவைப் பக்கத்தில் இருத்தி திரையைக் காட்டி, "இது சரியாம்மா?" என்று கேட்க முடிந்தது.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு ஒரு புத்திமதி. வகுப்பின் முகவரியிலேயே, அதாவது கணினி அதை அடையாளம் காணும் பெயரிலேயே, தமிழைத் தட்டாதீர்கள். நான் தட்டினேன். பிறகு விரிதாளுக்கு எடுத்தபோது "வெண்டிக்காய்" இருந்த இடத்தில் சதவீதக் குறிகளும் எண்களுமாக அரைப் பக்கம் நின்றது. 'நியூ என்டிட்டீஸ்' என்ற பக்கத்தில் அடையாள எண் தானாக விழும்படி முதலிலேயே வைத்துவிட்டு, தமிழை லேபலில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, இனி மீனுக்கு வருவோம்.

புரோட்டெஜேயில் ஒரு வகுப்பைச் சொடுக்கினால் கீழே சில பெட்டிகள் வரும். 'ஈக்விவலன்ட் டூ' என்பது இதுவும் அதுவும் ஒன்றே என்று சொல்லும் பெட்டி. 'சப்கிளாஸ் ஒஃப்' என்பது இது அதற்குள் அடங்கும் என்பதற்கு. 'டிஸ்ஜொயின்ட் வித்' என்பது இரண்டுக்கும் பொதுவாக ஒன்றுமே இருக்க முடியாது என்பதற்கு. இரண்டு ஒன்டொலொஜிகளையும் ஒரே கோப்பில் இறக்குமதி செய்துவிட்டால், ஒன்றின் வகுப்பிலிருந்து மற்றதன் வகுப்புக்கு இந்தப் பெட்டிகள் வழியாகக் கயிறு கட்டலாம். நான் முதல் நாளே உற்சாகமாகக் கட்டத் தொடங்கிவிட்டேன். எங்கள் பட்டியலில் "மீன்" என்றொரு வகுப்பு. அதற்குள் பாரை, சூரை, நெத்தலி, விளை, இறால், நண்டு, கணவாய், சுறா, திருக்கை எல்லாம். குறிப்பு எழுதியவர்கள் அப்படித்தான் ஒரே தலைப்பின் கீழ் எழுதியிருந்தார்கள். நான் எங்கள் "மீன்" வகுப்பைத் தூக்கி அந்தப் பக்கத்தின், அதாவது ஃபூட்ஒன்னின், கதிர்த்துடுப்பு மீன்கள் வகுப்போடு 'ஈக்விவலன்ட்' போட்டேன். பிறகு இறாலையும் நண்டையும் அங்கேயுள்ள ஓட்டுடலிகளோடு கட்டினேன். ரீசனரை ஓட்டினேன். ரீசனர் என்பது எழுதிய எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து, இதிலிருந்து வேறென்ன பெறலாம் என்று கணக்குப் போடும் பகுதி. புரோட்டெஜேயோடு கூடவே வருவது ஹெர்மிட், ஒக்ஸ்ஃபோர்டில் செய்தது.

ஒரு சிவப்பெழுத்தும் வரவில்லை. எல்லாம் சரி என்று நினைத்து அன்றிரவு நிம்மதியாகப் படுத்தேன்.

மறுநாள் தற்செயலாக, ரீசனர் பெற்ற அடுக்கைக் காட்டும் பக்கத்தைத் திறந்து பார்த்தால், நண்டு முதுகெலும்பிகளுக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறது. கணவாயும் அங்கேதான். நான் சொன்ன வரிகளிலிருந்து அது நேர்மையாகப் பெற்ற முடிவு: நண்டு மீன், மீன் என்பது கதிர்த்துடுப்பு மீன், அது முதுகெலும்பி, ஆகவே நண்டு முதுகெலும்பி. ஓட்டுடலியாகவும் இருக்கிறதே என்று அது ஏன் கேட்கவில்லை? ஓட்டுடலியும் முதுகெலும்பியும் ஒன்றாக இருக்க முடியாது என்று நான் எங்குமே எழுதவில்லை. எழுதாததை இந்தத் தர்க்கம் இல்லை என்று எடுத்துக்கொள்ளாது. தெரியாது என்றுதான் எடுத்துக்கொள்ளும். நீங்கள் வேலியைக் கட்டாவிட்டால் மாடு எங்கே மேய்ந்தாலும் அதற்குக் கவலையில்லை.

அந்த 'டிஸ்ஜொயின்ட்' வரியை எழுதிவிட்டு மறுபடி ஓட்டினேன். அப்போதுதான் விழுந்தது சிவப்பு. இறால், நண்டு, கணவாய் மூன்றும் 'நத்திங்' என்ற வகுப்புக்குக் கீழே சிவப்பு எழுத்தில் (கணவாய்க்காக மெல்லுடலிகளுக்கும் ஒரு வேலி போட்டிருந்தேன்). இப்படி ஒரு பொருள் உலகத்தில் இருக்கவே முடியாது என்று அர்த்தம். பக்கத்திலுள்ள கேள்விக்குறியை அழுத்தினால் ஏன் என்று வரி வரியாகக் காட்டும்: இந்த வரிகளெல்லாம் சேர்ந்ததால் இந்த முரண். புரோட்டெஜேயில் எனக்கு ஆகப் பிடித்தது இந்த விளக்கச் சாளரம்தான். பிழையான கயிறு எது என்று கையால் தேடியிருந்தால் இன்னும் தேடிக்கொண்டிருப்பேன்.

அன்று பின்னேரம் கல்லடிப் பாலத்துக்கு இந்தப் பக்கம் பெட்டி வைத்து மீன் விற்கும் மாமாவிடம் போனேன். இறால் வாங்கும் சாட்டில், "மாமா, இறால் மீனா, இல்லையா?" என்று கேட்டேன்.

"மீன் பெட்டிக்குள்ள இருக்கிறதெல்லாம் மீன்தான் புள்ள" என்றார். நான் தலையாட்டினேன். அவர் இறாலை நிறுத்துக்கொண்டே, "உங்கட வீட்டில இறால் கறி ஆக்கினா அம்மா மீன் கறி எண்டா சொல்லுவா?" என்றார். இல்லை என்றேன். "மறுகா என்னட்ட ஏன் கேக்கிறாய்?"

அவர் சொன்னதில் இரண்டு "மீன்" இருந்தது. சந்தைக்குப் போகும்போது சொல்லும் மீன் வேறு, அடுப்பில் ஏறும் மீன் வேறு. நான் கயிற்றை மாற்றி மாற்றிக் கட்டிக்கொண்டிருந்தேன், பிழை கயிற்றில் இருக்கவில்லை. எங்கள் ஒன்டொலொஜியில் ஒரே வகுப்பாக இருந்ததை இரண்டாகப் பிரித்தேன்: "மீன்கடைச் சாமான்" என்று ஒன்று, அதற்குள் "மீன்" என்று ஒன்று. இறாலும் நண்டும் கணவாயும் முதலாவதில் நின்றன. அதை அந்தப் பக்கத்தில் எதோடும் சமன் போடவில்லை, அங்கேயுள்ள உயிரின வகைப்பாட்டில் அப்படியொன்று இல்லை. இல்லாததற்கு இல்லை என்று விடுவதும் மெப்பிங், அதாவது இப்படி வகுப்புக்கு வகுப்பு கோக்கும், வேலையில் ஒரு பகுதி என்பதை இந்த வேலைக்கு முன்பு எனக்கு யாராவது சொல்லியிருக்கலாம்.

இதற்கும் பிறகு சுறாவும் திருக்கையும் மிஞ்சின. அவை குருத்தெலும்பு மீன்கள். கதிர்த்துடுப்பு மீன்களுக்குள் வராது. சுறா வறையைச் சாப்பிட்டுவிட்டு அது மீன் இல்லை என்று யார் சொல்வது? இரண்டையும் அடக்கும் மேல் வகுப்புக்குப் போகலாம் என்று ஏறினால் அது தாடையுள்ள முதுகெலும்பிகள். அதற்குள் கோழியும் மாடும் நானும் இருக்கிறோம். உயிரியலில் "மீன்" என்று ஒரே கிளை கிடையாது. கடைசியில் சமன் பெட்டிக்குள், மான்செஸ்டர் எழுத்துமுறை என்று சொல்லப்படும் முறையில், "கதிர்த்துடுப்பு மீன் அல்லது குருத்தெலும்பு மீன்" என்று எழுதினேன். ஒரு வகுப்புக்கு ஒரு வகுப்பு என்றில்லாமல், ஒரு வகுப்புக்கு இரண்டு வகுப்பின் கூட்டு. புரோட்டெஜே இதை முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொண்டது. வெறும் விரிதாளில் இரண்டு நிரல்களை வைத்துக் கோப்பவர்களுக்கு இது வாய்க்காது.

ஊரையே "மீன்பாடும் தேன்நாடு" என்கிறோம். வாவியில் பாடுவது மீனா, ஊரி என்ற மெல்லுடலியா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. 1848இல் இங்கே வந்து அந்தச் சத்தத்தைக் கேட்ட காலனித்துவச் செயலாளர் எமர்சன் டென்னெண்ட், அதை மீனவர்கள் ஊரி என்று சொன்னதாகத்தான் எழுதி வைத்தார். மெல்லுடலியை மீனுக்குள் போட்டது நான் மட்டும் இல்லை.

நெல் விஷயத்தில் இவ்வளவு அலையவில்லை, ஆனால் சிரித்தது அதிலேதான். தமிழில் நெல், அரிசி, சோறு என்று மூன்று. ஆங்கில லேபலில் மூன்றுக்கும் ஒரே சொல்தான் முன்னால் வந்து நிற்கும். லேபலைப் பார்த்துத் தானாகக் கோக்கும் கருவிகளும் இருக்கின்றன. அக்ரிமென்ட்மேக்கர்லைட், லொக்மெப் என்பவை பேர்போனவை. இப்படிப்பட்ட கருவிகளுக்கு 2004 முதல் வருடா வருடம் ஒரு போட்டி மாதிரி மதிப்பீடும் நடக்கிறது. மொழிபெயர்க்காமல் எங்கள் தமிழ் லேபலை வைத்து அவற்றால் ஒன்றும் செய்ய முடியாது. அந்தப் பக்கத்தில் தமிழே இல்லையே. ஆங்கில லேபலை வைத்து நானே ஒரு சின்ன நிரல் எழுதி ஒப்பிட்டுப் பார்த்தேன். நெல்லும் சோறும் ஒரே வகுப்போடு சமனாகி, அதனால் ஒன்றோடொன்றும் சமனாகி நின்றன. சமன் என்பது அப்படித்தான்: அ = ஆ, இ = ஆ என்றால் அ = இ. அம்பாறைப் பக்கத்தில் பெரும்போகத்துக்குச் சோறு விதைத்தார்கள் என்று அர்த்தம் வரும் ஒரு கோப்பைக் கொஞ்ச நேரம் வைத்திருந்தேன்.

நெல்லைப் பயிராக, ஒரைசா சட்டைவா என்ற இனத்தோடு கட்டினேன். என்சிபிஐ வகைப்பாட்டில் அதன் எண் 4530. அரிசியை நெல்லுக்குள் அடக்க முடியாது. அரிசி ஒரு வகை நெல் இல்லை, நெல்லிலிருந்து வருவது. அதற்கு 'டெரைவ்ஸ் ஃப்ரம்' என்ற உறவு இருக்கிறது. புழுங்கலும் பச்சையும் அரிசிக்குள். சோறு, அரிசியிலிருந்து ஆக்கியது. இரண்டு ஒன்டொலொஜிகளுக்கு இடையே உள்ள உறவு என்றதும் சமன், அடக்கம் என்ற இரண்டையே நினைக்கிறோம். எங்கள் பட்டியலில் பாதிக்கு மேல் இந்த மூன்றாவது சாதிதான். கருவாடும் அப்படியே. அது மீனுக்குள் ஒரு வகை என்று போட்டுவிட்டு உயிரினமும் உணவுப் பண்டமும் வேறு வேறு என்று வேலி கட்டினால், அதுவும் சிவப்பாகும்.

தயிரில்தான் நான் உண்மையாகத் தடுமாறினேன். எங்கள் குறிப்பில் தயிர் என்றால் எருமைப் பால், மண் சட்டி. கோப்பையில் விற்பது யோகட். அதை யாரும் தயிர் என்று எழுதவில்லை. தயிருக்கு நாங்கள் பழகிய ஆங்கிலச் சொல்லை லேபலாகப் போட்டால், மேற்கில் அந்தச் சொல் சீஸ் செய்வதற்குப் பாலைத் திரித்து எடுக்கும் கட்டியைக் குறிக்கும். ஆகவே அந்தச் சொல்லைப் பார்த்துக் கோக்கவே கூடாது. செய்முறையைப் பார்த்தால் யோகட்டுக்குக் கிட்ட. ஆனால் சமன் இல்லை. இந்த மாதிரி இடங்களுக்குத்தான் 2009இல் வெளியான ஸ்கொஸ் என்ற தரத்தில் மென்மையான உறவுகள் வைத்திருக்கிறார்கள்: சரியாகப் பொருந்துவது, கிட்டத்தட்டப் பொருந்துவது, அந்தப் பக்கத்தது அகன்றது, அந்தப் பக்கத்தது குறுகியது. இவற்றை வெறும் குறிப்புகளாக எழுதி வைத்தால் ரீசனர் தொடாது, அதனால் ஒன்றிலிருந்து ஒன்றாகப் பிழை பரவாது. கிட்டத்தட்டப் பொருந்துவது என்பது சங்கிலியாக நீளாது என்று தரத்திலேயே இருக்கிறது. தயிருக்குக் கிட்ட யோகட், யோகட்டுக்குக் கிட்ட இன்னொன்று என்பதற்காகத் தயிரை அந்த இன்னொன்றோடு சேர்க்க முடியாது. எவ்வளவு நியாயம்!

இதில் ஒரு நாள் முழுக்க வீணாக்கினேன். அகன்ற உறவுக்கு ஸ்கொஸில் 'புரோட்மெச்' என்று பெயர். அப்படி எழுதினால் நான் அகன்றது என்றா, அவர் அகன்றவர் என்றா? எங்கள் தயிரிலிருந்து அந்த வகுப்புக்கு 'புரோட்மெச்' எழுதினால் அந்த வகுப்புத்தான் அகன்றது. நான் 40 வரிகளுக்கு மேல் தலைகீழாக எழுதிவிட்டேன். புரோட்டெஜே ஒரு வார்த்தை சொல்லவில்லை, ரீசனர் இதைப் படிப்பதே இல்லை அல்லவா? மாணவிதான் கண்டுபிடித்து, "அக்கா, இதன்படி பார்த்தால் உலகத்துப் பால் பண்டமெல்லாம் எருமைத் தயிருக்குள் அடங்குகிறதே" என்று எழுதினார். மட்டக்களப்பில் அதை மறுக்க ஆள் கிடைக்காது, என்றாலும் மாற்றிக் கொடுத்தேன்.

வேகத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. ஃபூட்ஒன்னை முழுதாக ஏற்றி ஹெர்மிட்டை ஓட்டினேன். தேத்தண்ணி போட்டுக் குடித்துவிட்டு வந்தும் முடியவில்லை, விசிறிதான் கத்தியது. எல்க் என்ற இன்னொரு ரீசனரைச் சேர்த்துக்கொள்ளலாம், மிக விரைவு. ஆனால் அது எளிய தர்க்கத்துக்காகச் செய்தது, மீனுக்கு நான் எழுதிய "அல்லது" வரியை முழுதாகக் கணக்கில் எடுக்காது. கடைசியில் ரோபோ என்ற கட்டளைவரிக் கருவியால் ஃபூட்ஒன்னிலிருந்து எங்களுக்கு வேண்டிய கிளைகளையும் அவற்றின் மேல் வகுப்புகளையும் மட்டும் வெட்டி எடுத்து, அந்தத் துண்டோடு ஹெர்மிட்டை ஓட்டினேன். சில வினாடிகள்தான். பழைய மடிக்கணினிக்காரர்கள் முதல் நாளே இதைச் செய்யுங்கள்.

மெப்பிங்குக்கென்று புரோட்டெஜேயில் தனியான ஒரு மேசை இல்லாதது எனக்குக் குறைதான். யார், எப்போது, எதை வைத்து இந்தக் கயிற்றைக் கட்டினார் என்று எழுத வசதியான இடம் இல்லை. அதனால் எல்லாவற்றையும் எஸ்எஸ்எஸ்ஓஎம் என்ற வடிவத்தில் ஒரு விரிதாளில் வைத்துக்கொண்டேன். 2022இல் அதைப் பற்றிய கட்டுரை வந்தது. எங்கள் வகுப்பு, உறவு, அவர்கள் வகுப்பு என்ற மூன்று நிரல்களோடு, எதனால் என்ற நிரல் கட்டாயம். கையால் பார்த்தா, சொல் ஒற்றுமையாலா என்று அதில் போட வேண்டும். அதற்குப் பக்கத்தில் குறிப்பு நிரல் ஒன்றும் வைத்து, "மீன்கார மாமா", "அம்மா", "திருக்கோவில் வீட்டுக்காரரிடம் திரும்பக் கேட்டது" என்றெல்லாம் எழுதியிருக்கிறேன். மாணவிக்கு அந்த நிரல்தான் ஆகப் பிடித்ததாம்.

ஐந்துக்கு நாலு கொடுப்பேன். சமன் பெட்டியில் கை வைக்கும் முன்பு வேலி வரிகளை எழுதத் தெரிந்தவர்களுக்கு நாலரை. விரிதாளில் இரண்டு நிரலை ஒப்பிட்டு முடித்துவிடும் அளவு வேலை உள்ளவர்களுக்கு இது வேண்டாம், கற்றுக்கொள்ளும் நேரத்துக்குள் வேலை முடிந்துவிடும்.

இன்னும் 11 வரிகள் வெறுமையாக இருக்கின்றன. பிட்டு அதில் ஒன்று, மாசி இன்னொன்று. மாசி கருவாடா, கறிச் சரக்கா என்றால் இரண்டும்தான். ஒரு வகுப்புக்கு இரண்டு தாய் இருக்கலாம் என்பதால் அது நாளைக்கே முடிந்துவிடும். முடியாதது சொதி. மாணவி அதற்கு சூப் வகுப்பைப் பரிந்துரைத்திருக்கிறார், அகன்ற உறவாகத்தான், சமனாக இல்லை. நான் திரையை அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார்.

"சூப்பா? இடியப்பத்துக்கு சூப்பை ஊத்தித் தின்னுற ஆக்களை எங்க மகள் கண்டவ உன்ர பிள்ளை?"